2147483647: முப்பத்தொரு ஒன்றுகளால் ஆன பகா எண்

ஜாவா நிரல்மொழி படிக்கத் தொடங்கிய எவரும் முதல் மாதத்திலேயே எழுதிப் பார்க்கும் நிரல் ஒன்று உண்டு. ஓர் எண்ணைக் கொடுத்தால் அது பகா எண்ணா என்று சொல்ல வேண்டும். வழி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: 2, 3, 4 என்று வரிசையாக வகுத்துப் பார், வகுக்கும் எண்ணின் வர்க்கம் கொடுத்த எண்ணைத் தாண்டியதும் நிறுத்து, அதுவரை எதுவும் மீதியின்றி வகுக்காவிட்டால் அது பகா எண். 97-க்கும் 7919-க்கும் சரியாக விடை சொல்லும் இந்த நிரலிடம் 2147483647-ஐக் கொடுத்தால், சற்று நேரம் ஓடிவிட்டு "பகா எண் அல்ல" என்று சொல்லும். விடை தவறு.

ஏன் என்று பார்க்கலாம். ஜாவாவின் சாதாரண முழு எண்ணுக்கு 32 பிட் இடம். அதில் கொள்ளும் மிகப் பெரிய எண்ணே 2147483647, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 46340-இன் வர்க்கம் 2147395600; இது உள்ளே அடங்கிவிடும். அடுத்து 46341-இன் வர்க்கம் 2147488281. எல்லையை வெறும் 4634 தாண்டுகிறது. தாண்டியதும் மறுபக்கம் சுற்றிக்கொண்டு −2147479015 ஆகப் பதிவாகிறது. எதிர்ம எண் இலக்கைவிடச் சிறியதுதானே, அதனால் நிரல் நிற்பதில்லை. அதற்குப் பிறகு எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் பதிவாகும் மதிப்பு 2147483647-ஐத் தாண்டவே முடியாது. நிறுத்தும் நிபந்தனை செத்துப்போகிறது. கடைசியில் வகுக்கும் எண் 2147483647-ஐயே எட்டும். அது தன்னைத்தானே மீதியின்றி வகுக்கும். "காரணி கிடைத்துவிட்டது" என்று நிரல் முடித்துக்கொள்ளும்.

வர்க்கத்தைக் கணக்கிடாமல், "வகுக்கும் எண் ≤ இலக்கு ÷ வகுக்கும் எண்" என்று நிபந்தனையை மாற்றி எழுதினால் போதும், கோளாறு தீரும். 64 பிட் எண்ணில் பெருக்கினாலும் சரி. சி மொழியில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று மொழியே வரையறுக்கவில்லை.

இதே எண் பகா எண்தான் என்பதை 1772-இல் கணித மேதை லியோன்ஹார்டு ஆய்லர், இன்னொரு கணித அறிஞரான பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்துவிட்டார். அப்போது ஆய்லர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. 46340 வரை வகுத்துப் பார்த்து அவர் இதைச் செய்யவில்லை. எண்ணின் உருவத்தைப் பார்த்தே பெரும்பாலான வேலையை இல்லாமல் ஆக்கிவிட்டார்.

உருவம் என்பது இது: 2147483647 = 2³¹ − 1. இரும முறையில் எழுதினால் முப்பத்தொரு ஒன்றுகள், இடையில் ஒரு சுழியம்கூடக் கிடையாது. இந்த எண்ணைப் பற்றிச் சொல்லத்தக்க எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் புறப்படுகிறது.

ஒன்றுகளை எண்ணிப் பார்த்தால்

2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் நினைவாக. இவற்றில் எது பகா எண்ணாக இருக்க முடியும் என்பதற்கு முதல் வடிகட்டி, ஒன்றுகளின் எண்ணிக்கை. பதினைந்து ஒன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 32767. மும்மூன்றாகப் பிரித்தால் 111 111 111 111 111. இருமத்தில் 111 என்பது 7. ஒரே தொகுதி ஐந்து முறை வருவதால் 7 இதை வகுக்கும். ஐந்தைந்தாகப் பிரித்தால் 11111, அதாவது 31, அதுவும் வகுக்கும். 32767 = 7 × 31 × 151. ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்தான்.

31 ஒன்றுகளை அப்படிச் சம தொகுதிகளாகப் பிரிக்க முடியாது. ஆனால் அது மட்டும் போதாது. இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். பதினொரு ஒன்றுகளையும் பிரிக்க முடியாது, ஆனாலும் 2047 = 23 × 89. இத்தாலியின் பியேத்ரோ கட்டால்டி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று ஒழுங்காக வகுத்துப் பார்த்தே நிறுவினார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அப்படியே என்று அறிவித்தார். 2²³ − 1-ஐ 47 வகுக்கும். 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும். இவை இரண்டையும் 1640-இல் ஃபெர்மா காட்டினார். 2²⁹ − 1 = 233 × 1103 × 2089; இதைப் பிடித்தவர் ஆய்லர். நான்கில் தப்பியது 31 மட்டும். அதைச் சரி என்று சொல்ல கட்டால்டியிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை, அதிர்ஷ்டம்தான்.

372 வகுத்தல்கள்

2³¹ − 1-ஐ ஒரு பகா எண் வகுப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 'ப' என்போம். அப்படியானால் 2³¹-ஐ ப-வால் வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்ற அடுக்குகளை ஒவ்வொன்றாக ப-வால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், ஓரிடத்தில் மீதி 1 வந்து வரிசை திரும்பத் தொடங்கும். அந்தச் சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-ஐ வகுத்தாலே மீதி 1 என்று ஆகும், அது நடக்காது. ஆக நீளம் 31. மறுபுறம், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (ப − 1)-ஆவது அடுக்கிலும் மீதி 1. எனவே ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை என்பதால் ப − 1 இரட்டைப்படை. ஆகவே 62-இன் மடங்கு.

இரண்டாவது கட்டுப்பாடு இன்னும் நயமானது. 2³¹ மீதி 1 தந்தால் 2³² மீதி 2 தரும். ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது ஒரு வர்க்கத்தை ப-வால் வகுத்தால் மீதி 2 வருகிறது. இது எல்லாப் பகா எண்களுக்கும் நடப்பதில்லை; 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் ஒற்றைப் பகா எண்களுக்கு மட்டுமே நடக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 62-ஆல் வகுக்க மீதி 1 தருபவை, 248-ஆல் வகுத்தால் 1, 63, 125, 187 என்ற நான்கில் ஒன்றைத் தரும். 8-இன் நிபந்தனை 125-ஐயும் 187-ஐயும் அடித்துவிடுகிறது. மிஞ்சியவை 248-இன் மடங்கோடு 1 கூட்டியவை, 63 கூட்டியவை. 46340 வரை ஒவ்வொன்றிலும் 186 எண்கள், மொத்தம் 372. (63 தானே பகு எண், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.) இவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள். 249-ஐ 3 வகுக்கும், 497-ஐ 7 வகுக்கும், 559 = 13 × 43. 2000-க்குள் உண்மையில் சோதிக்க வேண்டியவை மூன்றே மூன்று: 311, 1303, 1489. 46340-க்குள் உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4,800. இந்தச் சல்லடையில் தங்குபவை எண்பதைச் சுற்றி.

பத்து இலக்க எண்ணை நீள வகுத்தல் முறையில் வகுத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. 1489-ஐ எடுப்போம். 2⁸ = 256. இதை வர்க்கப்படுத்தினால் 65536; 1489 × 44 = 65516; மீதி 20. மறுபடி வர்க்கப்படுத்தினால் 400. ஆக 2³²-இன் மீதி 400. 1489 காரணியாக இருந்திருந்தால் 2 வந்திருக்க வேண்டும். வரவில்லை, தள்ளுபடி. 311-க்கு இதே கணக்கு 72 தருகிறது, 1303-க்கு 454. தாளும் பென்சிலும் இருந்தால் ஒரு எண்ணுக்கு இரண்டு நிமிடம். மீதமுள்ளவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம், கூட்டல் பிழை இல்லாமல் செய்ய முடிந்தால்.

இதைவிடப் பெரிய பகா எண் எதையும் 80 ஆண்டுக்கும் மேலாக யாராலும் உறுதிசெய்ய முடியவில்லை. 1811-இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ தம் எண்ணியல் நூலில், இதை 2³⁰-ஆல் பெருக்கக் கிடைக்கும் 2305843008139952128 என்ற நிறைவு எண்ணே கடைசியாக இருக்கும், ஏனென்றால் பயனற்ற இத்தகைய எண்களைத் தேடி இனி யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்ற பொருளில் எழுதிவைத்தார். (தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவு எண்; 6 = 1 + 2 + 3 போல. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் இப்படி ஒன்றைத் தரும்.) மனிதர்கள் மெனக்கெடுவதைப் பற்றி அவர் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது.

வகுக்காமலே சோதிப்பது

அடுக்கு பெரிதாகப் பெரிதாக, ஆய்லரின் சல்லடையிலும் எண்கள் மலைபோல் தேங்கும். 1870-களில் பிரான்சின் எதுவார் லூக்கா வேறு பாதை போட்டார்; 1930-இல் அமெரிக்கர் டி. எச். லேமர் அதைச் சீர்படுத்தினார். முறை வியப்பூட்டும் அளவுக்குச் சுருக்கம். 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்தி 2 கழி, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள், அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

127 = 2⁷ − 1-க்குச் செய்து பாருங்கள், ஐந்து படிகள்: 4, 14, 67, 42, 111, 0. பகா எண். 2047-க்கு ஒன்பது படிகள்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. சுழியம் இல்லை, பகு எண். ஆனால் 23-உம் 89-உம் காரணிகள் என்று இந்தச் சோதனை வாய் திறக்காது. பகு எண் என்று மட்டும் சொல்லும்.

2147483647-க்கு 29 படிகள். நீங்கள் கணினியில் செய்வதானால், கடைசிக்கு முந்தைய மதிப்பைப் பார்த்தே சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். அடுத்த படியில் 0 வர வேண்டுமானால் இதன் வர்க்கம் மீதி 2 தர வேண்டும். ஆகவே அது 65536-ஆகவோ, 2147483647-லிருந்து 65536 கழித்த எண்ணாகவோதான் இருக்க முடியும். வேறெதுவும் வந்தால் கணக்கில் பிழை. பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நுழையும்: இடைமதிப்பின் வர்க்கம் 62 பிட் வரை நீளும். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 53 பிட்டோடு முடிந்துவிடும். இரண்டிலும் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் உதிர்ந்து, பகா எண்ணைப் பகு எண் என்று காட்டும். 64 பிட் முழு எண்ணோ, எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும் பைத்தானோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் கண்டறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணையும் இதே லூக்கா–லேமர் சோதனைதான் உறுதிசெய்தது. அந்தத் தேடலை நடத்தும் ஜிம்ப்ஸ் திட்டத்தில், ஓர் அடுக்கைப் பெரிய சோதனைக்கு அனுப்பும் முன் சிறிய காரணி ஏதாவது சிக்குகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பார்ப்பது எந்த எண்களை? அடுக்கின் இரு மடங்கின் மடங்கோடு 1 கூட்டியவை, அவற்றிலும் 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தருபவை. பீட்டர்ஸ்பர்க் சல்லடை அப்படியே இருக்கிறது, இப்போது கிராபிக்ஸ் அட்டையில் ஓடுகிறது.

எல்லையாக இருப்பதும் பகா எண்ணாக இருப்பதும்

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' காணொளியின் பார்வைக் கணக்கு 2147483647-ஐத் தாண்டப் போகிறது என்றதும் யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியது. யூனிக்ஸ் கடிகாரம் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுகிறது. நேரத்தை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய அமைப்புகளில் அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு, 2147483647-ஐத் தொட்டு, மறு விநாடியில் 1901-க்குத் தாவும். இவை இரண்டையும் இந்த எண் பகா எண்ணாக இருப்பதோடு முடிச்சுப்போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பந்தம் எதுவும் கிடையாது. 32 பிட்டில் ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போனால் மிச்சம் 31; 31 பகா எண்ணாக அமைந்தது தற்செயல், 2³¹ − 1-உம் அப்படி அமைந்தது இன்னொரு தற்செயல். 16 பிட் எல்லையான 32767-ஐ மேலே உடைத்துப் பார்த்தோம். 64 பிட் எல்லையான 9223372036854775807-ஐ 7 இரண்டு முறை வகுக்கும். 63 ஒன்றுகளை மும்மூன்றாகப் பிரிக்கலாமே!

பகா எண்ணாக இருப்பது உண்மையிலேயே பயன்படும் இடம் வேறு: சமவாய்ப்பு எண்களை உண்டாக்குவது. இதுவும் லேமர் சொன்ன யோசனைதான். ஒரு தொடக்க எண்ணை எடு. நிலையான ஓர் எண்ணால் பெருக்கு. 2147483647-ஆல் வகுத்து மீதியை எடு. அதுவே அடுத்த எண். 1969-இல் லூயிஸ், குட்மன், மில்லர் மூவரும் ஐபிஎம் 360 கணினிக்காகப் பெருக்கும் எண்ணாக 16807-ஐத் தேர்ந்தார்கள். 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் 'குறைந்தபட்சத் தரம்' என்று இதையே முன்வைத்தார்கள். பின்னர் 48271 மேல் என்றார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இரண்டும் உண்டு.

16807 எங்கிருந்து வந்தது? அது 7⁵. 7-இன் அடுக்குகளை 2147483647-ஆல் வகுத்துக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு மீதியும் ஒரே ஒரு முறை வந்த பிறகுதான் சுற்று முடியும். இப்படி முழுச் சுற்று வருவது மட்டு எண் (வகுத்து மீதி எடுக்கும் எண்) பகா எண்ணாக இருப்பதால்தான் சாத்தியம். 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இதில் 5 இல்லை. அதனால் 7-ஐ ஐந்தாவது அடுக்குக்கு உயர்த்தினாலும் முழுச் சுற்று கெடுவதில்லை. 3-ஆவது அடுக்கான 343-ஐ எடுத்திருந்தால் சுற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும்.

இதற்கு நேர்மாறான பாடம் ராண்டு. 1960-களில் பரவலாக ஓடிய அந்த முறை, பகா எண்ணுக்குப் பதில் 2³¹-ஐயே மட்டு எண்ணாக வைத்து 65539-ஆல் பெருக்கியது. ஒற்றைப்படையில் தொடங்கினால் வருவதெல்லாம் ஒற்றைப்படையே. கடைசி பிட் அசையவே அசையாது. அடுத்தடுத்த மூன்று எண்களை முப்பரிமாணப் புள்ளிகளாக வரைந்தால் எல்லாம் 15 தளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை நம்பி ஓட்டிய உருவகப்படுத்தல்கள் எத்தனை பாழாயினவோ.

2³¹ − 1-இல் இன்னொரு வசதியும் உண்டு: மீதி எடுக்க வகுக்கவே வேண்டாம். 2³¹-இன் மீதி 1 என்பதால், பெருக்கல் பலனின் கடைசி 31 பிட்டை ஒரு துண்டாகவும் அதற்கு மேலுள்ளதை இன்னொரு துண்டாகவும் வெட்டிக் கூட்டினால் போதும். 1-இல் தொடங்கினால் முதல் எண் 16807, அடுத்தது 282475249. இதை 16807-ஆல் பெருக்கினால் 4747561509943. மேல் துண்டு 2210, கீழ்த் துண்டு 1622647863, கூட்டினால் 1622650073. அதுதான் மூன்றாவது எண். கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் ஒரு முறை 2147483647-ஐக் கழிக்க வேண்டும். உங்கள் நிரல் சரியா என்று பார்க்க, 1-இல் தொடங்கி 10,000-ஆவது எண்ணாக 1043618065 வருகிறதா என்று பாருங்கள்.

தொடக்க எண்ணாக 0 கொடுத்தால் கடைசிவரை 0 தான் வரும். முழுச் சுற்றையே இன்றைய கணினி சில விநாடிகளில் முடித்துவிடும் என்பதால் பெரிய உருவகப்படுத்தலுக்கு இது போதாது. கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றுக்கு அறவே ஆகாது: ஓர் எண் தெரிந்தாலே அடுத்தது எல்லாம் தெரிந்துவிடும்.

சங்கிலி அறுந்த இடம்

31 தானே ஒரு மெர்சென் எண், 2⁵ − 1. ஆக 2147483647 என்பது மெர்சென் பகா எண்ணை அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண். இப்படிப்பட்டவை இதுவரை தெரிந்து நான்கே: அடுக்குகள் 3, 7, 31, 127. 5-இலிருந்து 31, 31-இலிருந்து 2147483647 என்று வந்த சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி நீட்டினால், 2147483647 ஒன்றுகளை வரிசையாக நிறுத்திய எண் கிடைக்கும். பதின்ம முறையில் 64,64,56,993 இலக்கங்கள்.

அதுவும் பகா எண்ணா? லூக்கா–லேமர் சோதனையை அதன்மீது ஓட்ட 214 கோடிக்கும் மேற்பட்ட படிகள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் அத்தனை பெரிய எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். அந்தப் பக்கமே யாரும் போகத் தேவைப்படவில்லை. காரணி இருந்தால் அது 2 × 2147483647-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வர வேண்டும். அதே இரண்டு நிபந்தனைகள்தான். மடங்கை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால், 68745-ஆவது மடங்கில் 295257526626031 வருகிறது. 8-ஆல் வகுக்க மீதி 7. 1983-இல் கிடைத்த இந்தக் காரணி, 64 கோடி இலக்க எண்ணை மீதியின்றி வகுக்கிறது.